ஐம்பது ஆதா சப்பாத்தி

சப்பாத்தியைப் பாதி வேக்காட்டில் கல்லைவிட்டு எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? நடுவில் ஒரு கொப்புளம் எழும்பும். இன்னும் அரை நிமிஷம் விட்டால் பந்து மாதிரி உப்பிவிடும் என்று தெரியும். கை தானாகத் துணியைச் சுருட்டிக்கொண்டு அமுக்கப் போகும். கூடாது. திருப்பிப் போட்டு இருபது எண்ண வேண்டும், மறுபடி திருப்பி இருபது, அவ்வளவுதான், எடுத்துவிட வேண்டும். ஒரு செம்புள்ளிகூட விழக்கூடாது. தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி வெளுத்துப்போய், என்னை ஏன் இப்பவே எடுத்தாய் என்கிற முகத்தோடு அது வெள்ளைத் துணிமேல் விழும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. காலையில் சுட்டுப் பெட்டிக்குள் வைத்த பத்தையும் சேர்த்து இதோடு பதினேழு. இன்னும் முப்பத்து மூன்று. ஒரு ராத்திரிக்கு மாமாவுக்கு நாலு, நித்திலாவுக்கு ஒன்று, ஒன்பது ராத்திரிக்கு நாற்பத்தைந்து, மேலே ஐந்து எதற்கு என்று கேட்டால் அது பயத்துக்கு. மாமா என்றால் என் வீட்டுக்காரர், சென்னியப்பன், சாயப்பட்டறையில் வேலை. நித்திலா எங்கள் மகள், நாலரை வயது, சப்பாத்தியின் ஓரத்தை மட்டும் சுற்றிக் கடித்துவிட்டு நடுவை அப்பா தட்டில் தள்ளுகிற ரகம். நாளைச் சாயங்காலம் எனக்குப் பெங்களூருக்கு பஸ். ஒன்பது நாள் பயிற்சி. பனியன் கம்பெனியில் எங்கள் லைனைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெல்லா மேடம் இன்று ஐந்து மணிக்கு ஃபோன் பண்ணி, வருகிறாயா இல்லையா, டிக்கெட் போட வேண்டும் என்று கேட்பார்கள். இப்போது மணி மூன்றேகால். வீட்டுக்காரரிடம் போகிறேன் என்று சொல்லியாயிற்று, பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று, பையில் நாலு சுடிதார் மடித்து வைத்தாயிற்று. ஆனால் காலையிலிருந்து தொண்டைக்குள் வேறொரு வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது, கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி: பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க மேடம். பாப்பாவுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. மத்தியானம்தான் அப்பாவோடு முன்முடி வெட்டிக்கொள்ளக் குதித்துக்கொண்டு போனாள். திருப்பு. பத்தொன்பது, இருபது. எடு.

இந்தப் பாதி வேக்காட்டைக் கற்றுக்கொடுத்தது ரிங்கி. பக்கத்து வீடு, ஒரே சுவர், பீகார்க்காரப் பெண், என் வயசுதான் இருக்கும், கையில் எட்டு மாதக் குழந்தை. வந்து மூன்று வருஷத்தில் தமிழில் பேரம் பேசுவாள், சண்டை போடுவாள், ஆனால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் மட்டும் இந்திக்குத் தாவிவிடுவாள். ரெண்டு மாதம் முன்னால் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, வீட்டுக்கு வந்து மாவு பிசையத் தெம்பில்லை என்று அவளிடம் புலம்பினேன். ஐஸ்பெட்டியில் வைக்கலாமே என்று சைகையில் காட்டினாள். அடுத்த ஞாயிறு என் சமையலறை வாசற்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், நான் கல்லுக்குமுன் நின்றேன். முதல் சப்பாத்தி போட்டதுமே ஆதா, ஆதா என்றாள். எனக்கு மனசு அப்படியே உருகிவிட்டது. எங்கள் பக்கம் பெற்றவளையும் ஆத்தா என்போம், பெற்ற பெண்ணையும் ஆத்தா என்போம், மாரியம்மனும் ஆத்தாதான். எங்கேயோ கிடந்து வந்த புள்ள என்னை வாய் நிறைய ஆத்தா என்கிறாளே என்று, சொல்லு சாமி என்றேன். அவள் கல்லைக் காட்டி மறுபடி ஆதா என்றாள். அன்பு கூடிப்போய் நான் இன்னும் நன்றாக வேகவிட்டேன். துணியால் அமுக்கி உப்பவைத்து, ரெண்டு பக்கமும் பொன்னிறப் புள்ளி விழ, பாரு எப்படி வந்திருக்கு என்று தூக்கிக் காட்டினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆதா, ஆதா என்று குரல் ஏற ஏற, நானும் என்ன கண்ணு, என்னடா தங்கம், பசிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருபது சப்பாத்தியையும் முழுசாக வாட்டி எடுத்தேன். புதன்கிழமை அதைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடு பண்ணினால் அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிந்தது. மாமா ஒரு துண்டை டீயில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, வர்க்கி அருமையா இருக்கு, எந்த பேக்கரி என்று கேட்டார். நித்திலா ரெண்டு நாள் அதை வர்க்கி என்றே கேட்டு வாங்கித் தின்றாள். அப்புறம் ரிங்கி வந்து ஒரு சப்பாத்தியை நடுவில் கிழித்து, வலது கையில் இருந்ததை ஆட்டி ஆதா என்றாள், இடது கையில் இருந்ததை ஆட்டி ஆதா என்றாள், ரெண்டையும் சேர்த்துப் பிடித்து பூரா என்றாள். பூரா எங்களுக்கும் பூராதான். பாதியில்தான் தகராறு. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவள் குழந்தை பயந்து அழுதது, அதை ஆளுக்கொரு பக்கம் தட்டிக்கொடுத்தும் எங்களால் நிறுத்த முடியவில்லை. இப்போதும் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது வாய் ஆதா என்று சொல்லிக்கொள்கிறது. இருபத்து மூன்று. பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க மேடம். சும்மா இரு. பெற்ற பிள்ளைக்கு இல்லாத காய்ச்சலை வாயால் வரவழைக்கலாமா? சொன்னால் பலித்துவிடும். தலைவலி என்று சொல்லலாம், என் தலை தானே. என் தலைவலிக்கு யார் டிக்கெட்டை நிறுத்துவார்கள், ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார்கள். மாவு உலர்கிறது, ஈரத்துணியை இழுத்து மூடு.

ஆதா புரிந்தபிறகும் ஒரு தப்புப் பண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டாம் தடவை பாதி வேக்காட்டில் சரியாகத்தான் எடுத்தேன். அவசரத்தில் சூட்டோடு சூடாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, கவரில் போட்டு, பெட்டிக்குள் தள்ளிவிட்டேன். சூடான பண்டத்திலிருந்து ஆவி வரும், ஆவி குளிர்ந்தால் தண்ணீர், தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி. ஏழாம் வகுப்பில் இதை எழுதி எனக்குப் பத்துக்குப் பத்து. டம்ளரில் ஐஸ் போட்டு வெளிப்பக்கம் வேர்ப்பதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வரிசையாக வந்து விரலால் தொட்டுப் பார்த்தோம். தொட்டது நினைவிருக்கிறது, சப்பாத்திக்கும் அதுதான் சட்டம் என்று மட்டும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் வெளியே எடுத்தால் இருபது சப்பாத்தியும் ஒரே கல். மாமா ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தார். நித்திலா அதைத் தலையில் வைத்து, தொப்பி, குளுகுளு தொப்பி என்று ரெண்டு சுற்று சுற்றினாள். கடைசியில் மொத்தமாகக் கருவேப்பிலை, வெங்காயம் போட்டுக் கொத்திக் கிளறினேன், ருசியாகத்தான் இருந்தது. அதனால் இப்போது பாருங்கள், கட்டிலின்மேல் வேட்டி விரித்து, சப்பாத்தியெல்லாம் தனித்தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல், ஃபேன் காற்றில் ஆறுகின்றன. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடே தெரியக்கூடாது. அப்புறம் நடுவில் ஒவ்வொரு பட்டர் பேப்பர். அதை நேற்றே சதுரம் சதுரமாக வெட்டி வைத்துவிட்டேன், சமையலறைக் கத்தரியால்தான், துணிக் கத்தரியால் இல்லை. துணிக் கத்தரியைக் காகிதத்தில் வைத்தால் முனை மழுங்கிவிடும், தையல்காரி வீட்டில் அது பெரிய குற்றம், மாமா ஒருதரம் அதால் பட்டாசுப் பெட்டி வெட்டி ரெண்டு நாள் என்னிடம் பேச்சு வாங்கினார். ஐந்தைந்தாக ஒரு கவர். கையால் நீவி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு ஜிப்பை இழுக்க வேண்டும். கவர் வயிற்றை எக்கிக்கொண்டு சப்பாத்தியோடு ஒட்டும்போது அப்படியொரு திருப்தி. ஒரு கவர் ஒரு ராத்திரி. ஒன்பது ராத்திரியும் தட்டையாக, அடுக்கி வைக்கிற மாதிரி, என் கையில். முப்பத்தொன்று.

திருப்பும்போது கல்லில் ஒட்டியிருந்த சப்பாத்தி சட்டென்று விட்ட சத்தம் மெஷினில் தையல் விடுகிற சத்தம் மாதிரியே கேட்டது. தையல் விடுவது காதில்தான் முதலில் தெரியும். ஓவர்லாக் மெஷின் ஒழுங்காக ஓடினால் ஒரே சீராக மழை பெய்வது போல இருக்கும், எங்காவது நூல் விட்டால் மழைக்கு நடுவே ஒரு கல் விழும். எல்லாரும் கையைத் தூக்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்காரமாட்டேன், மூடியைத் திறந்து பார்ப்பேன். உள்ளே ஊசி கீழே இறங்கி வரும், கொக்கி குறுக்கே வந்து அதன் நூலை வாங்கிக்கொண்டு போகும். ரெண்டும் முட்டவும் கூடாது, விலகவும் கூடாது. ஒரு தாள் நுழைகிற இடைவெளி. அதைக் கண்ணால் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் பாருங்களேன் என்று ராத்திரி மாமாவிடம் ரெண்டு விரலை வைத்து ஊசியும் கொக்கியுமாகச் செய்து காட்டினேன். போன மாசம் பக்கத்து மெஷின் மரகதத்துக்கு நூல் விட்டபோது மெக்கானிக் அண்ணன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தி ஓட்டிக் காட்டிவிட்டேன். ஸ்டெல்லா மேடம் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். திட்டப் போகிறார்கள் என்று எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லிவிட்டு, பெங்களூரில் மெஷின் ரிப்பேருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், போய்விட்டு வந்தால் நம் கம்பெனிக்கு முதல் பெண் மெக்கானிக் என்றார்கள். நான் போகாவிட்டால் அடுத்த பேர் மரகதம். மரகதத்துக்குத் திருகாணி எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்றே தெரியாது. அதை நினைத்தால் மட்டும் அந்தக் காய்ச்சல் வாக்கியம் ஒரு முழம் பின்வாங்குகிறது. அப்புறம் மெதுவாக நகர்ந்து வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. நாற்பது.

கரண்ட். கரண்ட் போனால்? மாசம் ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்துவார்களே, அது அந்த ஒன்பது நாளில்தான் வரும். பெட்டியைத் திறக்காமல் வைத்தால் அரைநாள் தாங்கும், திறக்காதீர்கள் என்று எழுதி ஒட்ட வேண்டும். நேற்றே பெட்டியில் குகை மாதிரி வளர்ந்திருந்த பனியையெல்லாம் கரைத்துத் துடைத்துவிட்டேன். ஒருதரம் இளகினதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, அதையும் எழுத வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து நேராகக் கல்லில் போடலாம், கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தீ மட்டாக இருந்தால் ரப்பர். எழுத வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்தால் பின்னுவதற்கு முன்னால் சிக்கு எடுக்க வேண்டும். அதற்கும் சப்பாத்திக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் எழுத வேண்டும். மாமாவுக்குப் பின்னத் தெரியாது. போன வாரம் பழகிப் பார்த்தார், மூன்று கால் எடுத்து, கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி, ரப்பர் பேண்டைப் போட்டுக் கையை எடுத்தார், அது தானாகச் சுற்றிக்கொண்டு பிரிந்தது. நித்திலா கண்ணாடியில் பார்த்துவிட்டு, பரவால்லப்பா என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்னதுதான் என்னை ஏதோ செய்தது. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, பெற்றவளுக்கு வருகிற நினைப்பா அது. ஆனால் வந்ததை வரவில்லை என்று எப்படிச் சொல்வது? தெருமுனையில் மாவுக்கடை இருக்கிறது, ரிங்கி ரெண்டு நேரமும் எட்டிப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள், மாமா சாதம் வடிப்பார், முட்டை பொரிப்பார். அப்புறம் எதற்கு இந்த ஐம்பது? கரண்ட் போனால் என்ன ஆகும், காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று சுற்றிச் சுற்றி வருகிறேனே, அடியில் கிடக்கிற பயம் அதுவா? ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டால் என்கிற பயமில்லையா? ஒன்பது நாளும் அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சிரித்துக்கொண்டு இருந்துவிட்டால், இத்தனை நாள் நான் ஓடின ஓட்டமெல்லாம் எதற்காக? அப்படியென்றால் இந்த ஐம்பதும் அவர்கள் பசிக்கு இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் நான் ஒரு கவர் கனத்துக்காவது இந்த வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு. அடடா. கல் புகைகிறது. பேசிக்கொண்டே முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டேன், இது உப்பிவிட்டது, ரெண்டு பக்கமும் புள்ளி விழுந்துவிட்டது, இனி இது பெட்டிக்கு ஆகாது. பிய்த்து வாயில் போட்டேன். நின்றுகொண்டே, எதுவும் தொட்டுக்கொள்ளாமல், சுடச்சுட. என்ன ருசி. அதற்குப் பதிலாக இன்னொரு உருண்டை தேய்த்துப் போட்டேன். ஐம்பது.

நாலரைக்கு வண்டிச் சத்தம் கேட்டது. கடைசிக் கவரின் ஜிப்பை இழுத்துக்கொண்டே திரும்பினேன். வாசலில் மாமாவோடு ஒரு பையன் நின்றான். யார் வீட்டுப் பையன் என்று ஒரு நொடி பார்த்தேன். நித்திலா. முன்முடி மட்டும் இல்லை, மொத்தமும் வெட்டியாகிவிட்டது, காதுமடல் தெரிய, கழுத்து தெரிய. அந்தக் கழுத்தில் ஒரு மச்சம் இருந்ததே எனக்கு மறந்து போயிருந்தது. மாமா, இவதான் கேட்டா, என்னால பின்ன முடியலையே, அதுக்கு இப்படிப் பண்ணிட்டா அப்பாவே சீவிரலாம்னு சொன்னா, நாற்காலியில ஆடாம உக்காந்திருந்தா என்று ஒரே மூச்சில் சொன்னார், திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் கொஞ்சம் குனிந்து வைத்துக்கொண்டு. அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, ஆடும் முடியைக் காட்டினாள். எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. அது மூக்கு வரைக்கும் வந்து, என்ன ஆயிற்றோ, சிரிப்பாக மாறிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். என் ஐம்பது சப்பாத்தியைவிட இது கெட்டிக்காரத்தனம். சரி, பசிக்குதா, சுட்டுத் தரேன் என்று கல்லின் பக்கம் திரும்பினேன். மாமா கையை நீட்டி மறித்தார்.

"நீ கொஞ்சம் வெளியே போய் உக்காரு கோகி. நாங்களே சுட்டுப் பார்க்கறோம்."

நான் ஓரமாக நிற்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்றேன். நித்திலா இடுப்பில் கைவைத்து, ஊருக்குப் போனவங்க சமையல்ரூமுல நிக்க மாட்டாங்க என்றாள். மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார், நான் வாசற்படியில். பக்கத்துப் படியில் ரிங்கி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். துரத்திட்டாங்க என்றேன். நல்லா பண்ணாங்க என்றாள். உள்ளே பெட்டி திறக்கிற சத்தம். பெட்டியை இவ்வளவு நேரம் திறந்து வைக்கலாமா? கடைசியாக வைத்த கவர் இன்னும் உறைந்திருக்காது, காலையில் வைத்த அடிக் கவரைத்தான் எடுக்க வேண்டும். கதவுக்கு வெளியே இருந்து சொல்லலாமா? வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா, பேப்பரு, பேப்பரை எடுக்காமப் போடறீங்க என்று அவள் குரல். ஆமாம்டி என் தங்கமே, அதைத்தான் எழுத மறந்தேன். அடுப்பு பற்றுகிற சத்தம். கல் காயட்டும், இன்னும் காயட்டும், அவசரப்படாதீர்கள். இருபது எண்ணினேன். மறுபடி இருபது. கருகல் வாசனை வந்தது. என் கை எழுந்து கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டது, பித்தளை சூடாக இருந்தது, வெயில் பட்ட சூடு. இப்போது திறந்தால் நாளைக்கு நான் பஸ் ஏறமாட்டேன் என்று தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, மெஷின் சத்தத்தில் தையல் விடுவது தெரிகிற மாதிரி தெரிந்தது. உள்ளே யாரோ துணியால் அமுக்குகிறார்கள். அப்புறம் அவள் குரல், உப்புது உப்புது என்று. கைப்பிடியை விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். பாதி என் கையில் வெந்தது, மீதி அவர்கள் கையில் வேகட்டும். ரிங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆதா என்றாள் மெதுவாக. இந்தத் தடவை அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, ரெண்டும் பொருந்தியது.

கதவு ஒரு சாண் திறந்து ஒரு தட்டு வந்தது, தட்டோடு ஒரு சின்னக் கை. ஒரு ஓரம் கன்னங்கரேல் என்று கருகியிருந்தது, நடு மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உப்பி நின்றது. பிய்த்ததும் ஆவி புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. மெத்தென்று இருந்தது, நான் சுட்டால் எப்படியோ அப்படியே இல்லை, ஆனால் சப்பாத்தி. நித்திலா இடுக்கு வழியாக ஒரு கண்ணை மட்டும் வைத்து, பெங்களூருக்கு வந்து சேர்ந்துச்சா என்று கேட்டாள். சேர்ந்துச்சு, சூடாவே சேர்ந்துச்சு என்றேன். கருகின ஓரத்தையும் விடாமல் தின்றேன். வாயில் கடைசித் துண்டு இருக்கும்போது ஃபோன் அடித்தது. ஸ்டெல்லா மேடம். எடுக்கும்போது தொண்டையைத் தடவிப் பார்த்தேன், அந்த வாக்கியம் இருந்த இடத்தில் சப்பாத்திதான் இருந்தது, அதை விழுங்கினேன். மேடம் சுருக்கமாகத்தான் கேட்டார்கள், பேரை எழுதட்டுமா வேண்டாமா என்று. எழுதுங்க மேடம், வர்றேன் என்றேன். சரி என்று வைக்கப் போனார்கள். நான் இதுவரைக்கும் கம்பெனியில் யாரிடமும் எனக்கென்று ஒன்றைக் கேட்டதில்லை.

"மேடம், வெச்சுராதீங்க. எனக்கு சன்னலோரமா ஒரு சீட்டுப் பார்த்துப் போட்டுருங்க."